சரளையில் நின்று சொன்ன பேர்

ஷிபேலுக்குப் பெண் பிறந்து அன்றைக்கு மூன்றாம் நாள். விடிந்ததும் மாமியார் நாப்லா கோழிகளை வெளியே விரட்டினாள், தரையைப் பெருக்கினாள், அடுப்பில், எரிக்கக் காயவைத்திருந்த சதுப்புமண் கட்டி நாலைச் செருகினாள். தொட்டிலின் மேல் குறுக்கே கிடந்த இரும்பு இடுக்கியை எடுத்து நெருப்பைக் கிளறிவிட்டு, மறக்காமல் திரும்பவும் தொட்டில் மேலேயே வைத்தாள். ஞானஸ்நானம் ஆகாத பிள்ளையை இரும்பு இல்லாமல் விட்டு வைக்க அந்தத் தீவில் யாருக்கும் தைரியம் கிடையாது.

"பாதி ரொட்டிய அப்பிடியே வச்சிருக்க. தின்னு" என்றாள். "பால் ஊறணும்ல."

"தின்னுட்டுத்தான் இருக்கேன் அத்தே. படகு எப்போ?"

"தண்ணி ஏறணும். பத்து மணிக்கு மேல ஆகும்னு ஃபெஸ்டி சொன்னான்."

ஷிபேல் ரொட்டியைத் தேநீரில் முக்கித் தின்றாள். இடுப்புக்குக் கீழே இன்னும் யாரோ கல் கட்டித் தொங்கவிட்ட மாதிரிதான் இருந்தது. ஆனாலும் மனசுக்குள் ஒரு கொண்டாட்டம். இன்றைக்கு மத்தியானம் அக்கரைக் கோயிலில் சாமியார் வாயால், செத்துப்போன அவள் அம்மாவின் பேர் சொல்லப்படும். கிரான்யா. அதைக் கேட்க அவள் அங்கே இருக்க முடியாது. பிள்ளை பெற்றவள் சாமியாரிடம் போய் மண்டியிட்டு ஆசீர் வாங்கும் வரைக்கும் கோயிலுக்குள் கால் வைக்கக்கூடாது, கிணற்றில் தண்ணீர்கூட மொள்ளக்கூடாது. ஞானத்தாயும் ஞானத்தகப்பனும் பிள்ளையைத் தூக்கிப் போவார்கள், சாமியார் கேட்பார், ஞானத்தாய் பேர் சொல்லுவாள். பெற்றவள் வீட்டில் படுத்திருப்பாள். அவரவர் அம்மாமாரும் அப்படித்தான் படுத்திருந்தார்கள்.

முதல் பெண்ணுக்குத் தாயைப் பெற்றவளின் பேர். இரண்டாவதற்கு அப்பனைப் பெற்றவளின் பேர். இதைப் பற்றி யாரும் உட்கார்ந்து பேசுவதே இல்லை. மழை மேற்கிலிருந்துதான் வரும் என்பதைப் பற்றி யார் பேசுவார்கள்?

"அடுத்தது உங்க பேருதான் அத்தே" என்றாள் ஷிபேல், வாயில் ரொட்டியோடு. "நாப்லான்னு ஒருத்தி, கிரான்யான்னு ஒருத்தி. ரெண்டும் சேந்தா தீவு தாங்காது."

நாப்லா சிரிக்கவில்லை. சட்டியைத் துடைத்துக்கொண்டே, "மொதல்ல இதுக்கு ஆகட்டும்" என்றாள்.

ஷிபேலின் புருஷன் கோல்மன் உள்ளே வந்தான். கவுன்சிலுக்காக ரோட்டுக்கல் உடைக்கிறவன். கையில் எப்போதும் கருங்கல் தூள் ஒட்டியிருக்கும். இன்றைக்குத் தேய்த்துக் கழுவியிருந்தான். கல்யாணக் கோட்டு தோளில் இறுகியது.

"எங்கம்மா பேருதான?" என்று ஷிபேல் கேட்கவில்லை, கேட்க அவசியம் இல்லை. வலி எடுத்த இரவிலேயே அவன் வாசல்படியில் நின்று, "பொண்ணுன்னா கிரான்யா, போதுமா? கத்தாம பெத்துப் போடு" என்று சொல்லியிருந்தான். இப்போது அவன் பிள்ளையைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான், தொப்பியைப் பார்த்தான். ஷிபேல் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. கோட்டு இறுக்குகிறது போல, என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஞானத்தாய் கோல்மனின் தங்கை டெலியா. ஞானத்தகப்பன் படகுக்காரன் ஃபெஸ்டி. அறுபது வயசு, பல் ரெண்டு மிச்சம், வாய் மட்டும் முழுசாக இருந்தது. அவன் வாசலில் நின்றபடியே, "எங்க அந்தப் பொம்பள? ராணியக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன், வண்டிக்கு விரிப்பு போட்டாச்சா?" என்று சத்தம் போட்டான். பிள்ளையை வெள்ளைச் சால்வையில் சுற்றி டெலியா வாங்கிக்கொண்டாள். நாப்லா ஜெபமாலையை எடுத்துக் கையில் சுற்றினாள். நாலு பேரும் பிள்ளையும் மேட்டில் இறங்கிப் படகுத்துறைக்குப் போனார்கள்.

ஷிபேலோடு துணைக்கு இருந்தவள் மருத்துவச்சி பாபின். பிள்ளையை வெளியே இழுத்ததும் அவள்தான். நாற்பது வருஷமாகத் தீவில் பிறந்த எல்லோரையும் முதலில் அறைந்தவள் என்று தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வாள். அடுப்பு முன்னால் உட்கார்ந்து கால் நீட்டி, தனக்கு ஒரு கோப்பைத் தேநீர் ஊற்றிக்கொண்டாள்.

"நல்ல காரியம் பண்ணின ஷிபேல்" என்றாள். "நான்கூட நீ ஒத்துக்க மாட்டேன்னுதான் நெனச்சேன். உனக்குப் பிடிவாதம் சாஸ்தி. ஆனா மாதா ஆண்டுல பொறந்த பிள்ளைக்கு மாதா பேரு வைக்கிறதுல ஒரு தப்பும் இல்ல."

"எந்தப் பிள்ளைக்கு?"

"ஏன்டி, உன் பிள்ளைக்குத்தான். மரியன்."

ஷிபேல் கோப்பையைக் கீழே வைத்தாள்.

பாபினுக்கு அப்போதுதான் உறைத்தது. "நீ ஒத்துக்கிட்டேன்னு நாப்லா சொன்னாளே. சாமியார்கிட்டயும் பேசிட்டாளே. கிரான்யான்னு ஒரு புனிதை கெடையாதுன்னு அவரு சொல்லிட்டாராம். கோல்மனுக்கும் தெரியும்."

"கோல்மனுக்குத் தெரியுமா?"

"காலைல தொழுவத்துல வச்சு அவ சொல்லிட்டிருந்தா. நான் மாட்டுக்குப் பின்னால நின்னுட்டிருந்தேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"என்னத்தச் சொல்றது. ஆம்பள. தொப்பிய எடுத்துத் தலைல வச்சான்."

ஐம்பத்து நாலாம் வருஷம், மே மாதம். ரோமாபுரி அந்த வருஷத்தை மாதாவுக்கு நேர்ந்துவிட்டிருந்தது. முச்சந்திக்கு முச்சந்தி சுதை மாதா எழும்பிக்கொண்டிருந்தாள். ஜனவரியிலிருந்து அந்தப் பங்கில் பிறந்த பெண்கள் ஒன்பது, அதில் ஏழு பேர் மரியன். ஐந்து வருஷம் கழித்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மா ஒரு பேரைக் கூப்பிட்டால் ஒரு பெஞ்சே எழுந்து நிற்கும். ஆனால் நாப்லாவுக்கு மாதா மேல் பக்தி என்பது மேலே தெரிந்த சங்கதி. அடியில் இருந்தது வேறே. அது ஷிபேலுக்கு நன்றாகத் தெரியும்.

ஷிபேலின் அம்மா கிரான்யா கடற்பாசி அறுத்துப் பிழைத்தவள். அமாவாசை, பௌர்ணமிக்குத் தண்ணீர் வெகுதூரம் வற்றும்போது பாவாடையைத் தொடைக்கு மேல் முடிந்து, அரிவாளோடு கடைசிப் பாறை வரைக்கும் போவாள். அறுத்ததை முதுகுக்கூடையில் ஏற்றி, வயலுக்கு எருவாக மேட்டுக்குக் கொண்டு வருவாள். கூடையிலிருந்து உப்புத்தண்ணீர் ஒழுகி ஒழுகி முதுகுத் தோல் வெள்ளையாக வெந்து கிடக்கும். இருபத்திரண்டு வயசில், ஸ்காட்லாந்துக்கு உருளைக்கிழங்கு தோண்டப் போனவர்களோடு தானும் போய்த் திரும்பினாள். வயிற்றில் ஷிபேல். கல்யாணம் கட்டுகிறேன் என்றவன் அந்தப் பக்கமே தங்கிவிட்டான்.

அப்போதிருந்த சாமியார், நகரத்துக் கன்னியர் மடத்துக்கு வண்டி பிடித்து அனுப்பப் பார்த்தார். அங்கே போன பெண்கள் பிள்ளையோடு திரும்பியதில்லை. கிரான்யா போகமாட்டேன் என்றாள். அப்படியானால் கோயிலுக்குள் வராதே என்றார் சாமியார். சரி என்றாள். ஏழு வருஷம், ஒரு ஞாயிறு தவறாமல், கோயில் வாசலுக்கு வெளியே சரளைக்கல்லில் முட்டி போட்டுப் பூசை கண்டாள். மழையிலும். பக்கத்தில் ஷிபேலும் முட்டி போட்டிருப்பாள். உள்ளே பெஞ்சுகளில் ஊர் உட்கார்ந்திருக்கும். நாப்லாவும் உட்கார்ந்திருந்தாள். அந்தச் சாமியார் செத்து அடுத்தவர் வந்து, "இந்தம்மா ஏன் வெளிய?" என்று கேட்டு, தானே உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்.

அந்தப் பக்கத்தில் குடும்பப் பேர் சொல்லி யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. பாதி ஊருக்கு ஒரே குடும்பப் பேர். பிள்ளை பேர், அதன் பின்னால் அப்பன் பேர், அதன் பின்னால் தாத்தன் பேர். கோல்மன் ஜோ பாட். ஃபெஸ்டி மார்க்கஸ் ஃபெஸ்டி. ஷிபேலுக்குப் பின்னால் போட அப்பன் இல்லை. ஷிபேல் கிரான்யா. பள்ளிக்கூடத்தில் அதை ஒரு மாதிரி இழுத்துச் சொல்வார்கள். இழுத்துச் சொன்னவர்களில் மூன்று பேருக்கு ஷிபேல் பல்லை உடைத்திருக்கிறாள்.

"என் பாவாடைய எடு" என்றாள் ஷிபேல்.

"எதுக்கு?"

"கட்டறதுக்கு."

"உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? மூணு நாள்தான் ஆகுது! ரத்தம் நிக்கல. வெளிய கால் வச்சா ஊரு என்ன சொல்லும்? அதோட எப்பிடிப் போவ? இருக்கிறது ஒரு படகு, அது போயாச்சு. மணல்ல தண்ணி ஏறிட்டிருக்கு."

"எங்கம்மா வழில போறேன்."

பாபின் சிலுவை போட்டுக்கொண்டாள். ஆனால் எழுந்து போய்ப் பழந்துணியைக் கிழித்துக் கொண்டு வந்து, ஷிபேலின் இடுப்பில் இறுக்கிக் கட்டினாள். "செத்தேன்னா என்மேல பழி போடாத" என்றாள். பிறகு, "ஊனிக்க அந்தத் தொரட்டிக் கம்ப எடுத்துக்க" என்றாள்.

தீவுக்கும் கரைக்கும் நடுவே முக்கால் மைல் மணல். வற்றும்போது கழுதைவண்டி போகும், ஏறும்போது படகு போகும். ஷிபேல் கீழே இறங்கியபோது மணல் பாதி மூடியிருந்தது. மணலில் போனவர்கள் மூழ்கியிருக்கிறார்கள். ஆனால் வடக்குப் பக்கமாக, தண்ணீருக்கு அடியில், கற்களின் முதுகு ஒன்று வளைந்து வளைந்து கரை வரைக்கும் போகிறது. கிரான்யா அறுக்கிற பாறைகளை ஒன்றோடொன்று கோத்தால் அதுதான் வழி. மேலே இருந்து பார்த்தால் தெரியாது. கால்தான் கண்டுபிடிக்க வேண்டும். பத்து வயசில் ஷிபேல் அம்மாவுக்குப் பின்னால் கூடையோடு அதில் நடந்திருக்கிறாள். பாசி கறுப்பாக இருக்கிற இடத்தில் மிதி, பச்சையாக இருக்கிற இடத்தில் மிதிக்காதே. அவ்வளவுதான் அம்மா சொன்னது. அம்மா அதிகம் பேச மாட்டாள்.

செருப்பைக் கழற்றி இடுப்பில் செருகினாள். முதல் அடியிலேயே குளிர் எலும்பைக் கவ்வியது. கணுக்கால், முழங்கால். பாதி வழியில் தொடை. பாவாடை பாரமாகிப் பின்னால் இழுத்தது. கம்பை முன்னால் குத்தினாள், கல்லைத் தேடினாள், காலை வைத்தாள். அடிவயிறு சுருட்டிப் பிடித்தபோது கம்பைக் கட்டிக்கொண்டு நின்றாள். நின்ற இடத்தில் தண்ணீரில் கொஞ்சம் சிவப்பு கலங்கிப் போயிற்று. பார்த்தாள், பார்க்காத மாதிரி அடுத்த கல்லைத் தேடினாள்.

தூரத்தில் முனையைச் சுற்றி ஃபெஸ்டியின் பாய் தெரிந்தது. எதிர்க்காற்று. வெட்டி வெட்டிப் போய்க்கொண்டிருந்தான்.

"மெதுவாப் போ ஃபெஸ்டி" என்றாள் ஷிபேல் வாய்விட்டு. "அவசரமே இல்ல."

கரையேறியதும் கால் தன்னால் மடங்கி மணலில் உட்கார்ந்தாள். மார்பு இரண்டும் கல்லாகி, பால் சட்டையில் ஊறியிருந்தது. கீழே ஈரம், மேலே ஈரம். எழுந்தாள். கோயில் மேட்டுக்கு இன்னும் ஒரு மைல். வழியில் கிழங்கு வயலில் நின்ற ஒருவன் அவளைப் பார்த்து வாயைத் திறந்தான். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

கோயில் வாசலில் அவர்கள் நின்றிருந்தார்கள். ஞானஸ்நானத்தில் முதல் பாதி வாசற்படியில்தான்; பேர் கேட்டு, வேண்டுதல் கேட்டு, அதற்கப்புறம்தான் பிள்ளையை உள்ளே எடுத்துப் போவார்கள். ஊதாப் பட்டை போட்ட சாமியார் படிமேல். இவர் வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது, பழங்கதை எதுவும் தெரியாது. டெலியா கையில் பிள்ளை. சுவரோரமாகச் சனிக்கிழமை வேலையற்ற ஆட்கள் நாலைந்து பேர், புகையிலைக் குழாய் புகைத்துக்கொண்டு.

சாமியார் லத்தீனில் ஏதோ சொல்லிவிட்டு, "பிள்ளைக்கு என்ன பேரு?" என்றார்.

"மரியன், சாமி" என்றாள் டெலியா. ரொம்ப மெதுவாகச் சொன்னாள்.

"கிரான்யா" என்றாள் ஷிபேல்.

எல்லோரும் திரும்பினார்கள். அவள் சரளையில் கம்பை ஊன்றி நின்றாள். பாவாடையிலிருந்து தண்ணீர் சொட்டிக் கற்கள் கறுத்துக்கொண்டிருந்தன.

"யாரது?" என்றார் சாமியார்.

"பெத்தவ, சாமி."

"மூணு நாள்தான ஆச்சு? நீ வரக்கூடாதேம்மா. ஆசீர் வாங்காம..."

"உள்ளதான சாமி வரக்கூடாது? நான் வரல. இது சரள. எங்கம்மா ஏழு வருசம் முட்டி போட்ட எடம். இங்க நிக்க எனக்குப் பாத்தியத உண்டு."

நாப்லா இரண்டு எட்டில் கீழே இறங்கி வந்தாள். குரலைத் தாழ்த்தி, "வீட்டுக்குப் போடி. மானத்த வாங்காத" என்றாள்.

"மானத்துக்குத்தான் அத்தே வந்தேன்."

"நான் யாருக்காகப் பண்றேன்? எனக்காகவா? அந்தப் பேரக் கேட்டா ஊருக்கு என்ன ஞாபகம் வரும்? வாசல்ல முட்டி போட்டவ. நாளைக்கு இந்தப் பிள்ள பள்ளிக்கூடம் போகும். உன்னைய என்ன சொன்னாங்களோ அதையே இதையும் சொல்லுவாங்க. நீ பல்ல ஒடச்ச. இது ஒடைக்குமா?"

அதில் பொய் ஒன்றும் இல்லை. நாப்லா கண்ணில் நிஜமாகவே பயம் இருந்தது. அதைப் பார்த்ததும் ஷிபேலின் கோபம் கொஞ்சம் இறங்கியது, குரல் இறங்கவில்லை.

"ஞாபகம் வரட்டும் அத்தே. முட்டி போட்டவ எந்திரிச்சு எங்க போனா? நேரா கடலுக்குப் போனா. மாமா கால் ஒடிஞ்சு கெடந்த வருசம் உங்க கெழங்குப் பாத்திக்கு எரு போட்டது யாரு? நாப்பது கூடைப் பாசி. நான் எண்ணியிருக்கேன், நான் பின்னாலயே வந்தேன். உங்க வாசல்ல கொட்டிட்டு ஒரு வாய் தேத்தண்ணி கேக்காமப் போனா. அந்தக் கெழங்கத் தின்னுதான் இவரு வளந்தாரு" என்று கோல்மனைக் கம்பால் காட்டினாள். "அவ ஒளிச்சு வைக்க வேண்டிய பேரா? மத்தவங்கதான் அவ பேரச் சொல்ல வெக்கப்படணும். அவ வெக்கப்பட்டதே இல்ல. நானும் மாட்டேன்."

நாப்லா ஒரு எட்டு பின்னால் வைத்தாள். ஜெபமாலை விரலில் சுற்றி இறுகியிருந்தது. நாற்பது கூடை அவளுக்கும் தெரியும்.

சுவரோரத்தில் குழாய்கள் அணைந்துவிட்டன. ஒருவரும் பற்ற வைக்கவில்லை.

ஃபெஸ்டி தொண்டையைச் செருமினான். "சாமி, குறுக்க பேசறேன்னு நெனைக்காதீங்க. ஞானத்தகப்பனா நிக்கச் சொல்லிக் கோல்மன் எங்கிட்ட வந்தப்போ, கிரான்யாங்கிற பிள்ளைக்குன்னு சொல்லித்தான் கேட்டான். மரியன்னா வேற ஆளப் பாத்துக்கங்க. எனக்கு ஏற்கெனவே ஞானமகளுங்கள்ல ரெண்டு மரியன் இருக்கு, பேரு மாறிப்போவுது." சொல்லிவிட்டுத் தொப்பியைத் தலையில் வைத்தான். கோயில் வாசலில் தொப்பி வைப்பது போகப்போகிறேன் என்று அர்த்தம்.

சாமியார் கோல்மனைப் பார்த்தார். "அப்பன் நீதான? நீ என்னப்பா சொல்ற?"

கோல்மன் கையைப் பார்த்தான். எவ்வளவு தேய்த்தாலும் நக இடுக்கில் கல்தூள் இருந்தது. பிறகு பெண்டாட்டியின் காலைப் பார்த்தான். வெறுங்கால், நீலம் பாய்ந்து, கெண்டையில் ஒரு கோடு ரத்தம்.

"கிரான்யா சாமி" என்றான். "மொதல்லயே சொல்லியிருக்கணும். டெலியா, சொல்லு."

டெலியா அம்மாவைப் பார்த்தாள். நாப்லா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டெலியா பிள்ளையைத் தூக்கிப் பிடித்து, இந்தத் தடவை நல்ல உரக்கச் சொன்னாள்: "கிரான்யா."

"அப்பிடி ஒரு புனிதை இல்லம்மா" என்றார் சாமியார். கோபமாகச் சொல்லவில்லை, சட்டம் இப்படி, நான் என்ன செய்ய என்கிற குரல். "ஒரு புனிதை பேரு இல்லாம என்னால தண்ணி ஊத்த முடியாது. மரியான்னு முன்னால சேத்து..."

"பின்னால சேருங்க சாமி" என்றாள் ஷிபேல். "மாதா கோவிச்சுக்க மாட்டாங்க. தச்சன் வீட்டுல தண்ணி தூக்கி, மாவு பெசஞ்சவங்கதான். வேல செஞ்ச பொம்பளைக்குப் பின்னால நிக்க அவங்களுக்கு என்ன கொறச்சல்?"

சுவரோரத்தில் யாரோ களுக்கென்று சிரித்து, இருமலாக மாற்றினார்கள். சாமியாருக்கும் உதடு ஒரு பக்கம் கோணியது. அதைச் சரி செய்துகொண்டு புத்தகத்தைத் திருப்பினார்.

"கிரான்யா மரியா" என்றார். "உள்ள வாங்க. நீ இல்லம்மா."

"நான் இங்கயே இருக்கேன் சாமி."

அவர்கள் உள்ளே போனார்கள். கதவைச் சாத்தவில்லை. ஞானஸ்நானத் தொட்டி வாசலுக்குப் பக்கத்தில்தான். ஷிபேல் நின்றுகொண்டே கேட்டாள், முட்டி போடவில்லை. தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. சாமியாரின் வாயில், கல் சுவருக்குள், கிரான்யா என்ற பேர் முட்டித் திரும்பி வெளியே வந்தது. பிள்ளை வீரிட்டது. ஷிபேலின் மார்பில் பால் பீய்ச்சிக்கொண்டு வந்து சட்டை வழியாக ஒழுகியது. அவள் துடைக்கவில்லை. சின்ன வயசிலிருந்தே அங்கே எந்தக் கல் முட்டியைக் குத்தும் என்று அவளுக்குத் தெரியும். அந்தக் கற்கள் மேல் இரண்டு காலையும் பரப்பி ஊன்றி நின்றாள்.

முதலில் வெளியே வந்தவள் நாப்லா. வந்த வேகத்தில் தன் தடித்த சால்வையை உருவி ஷிபேலின் மேல் போட்டு, இடுப்பைச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டாள். முடிச்சில் கோபம் எல்லாம் இருந்தது.

"கழுத" என்றாள். "அறிவு கெட்ட கழுத. சாகறதுக்கு வழி தேடினியா? எப்பிடி வந்த? மணல்ல தண்ணி நிக்குதே."

"எங்கம்மா வழில."

நாப்லா ஒரு நிமிஷம் அவள் முகத்தையே பார்த்தாள். "அவளும் இப்பிடித்தான். சொன்னா கேக்க மாட்டா" என்றாள். பிறகு திரும்பி, "டெலியா! மரம் மாதிரி நிக்காத, பிள்ளையப் பெத்தவகிட்ட குடு, பசில கத்துது பாரு" என்று சீறினாள்.

சுவரில் சாய்ந்து ஷிபேல் பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். நாப்லா முன்னால் மறைத்து நின்றாள். கோல்மன் பக்கத்தில் வந்து நின்றான். தொப்பியைக் கழற்றினான். பிறகு, "நான் வாயத் தொறக்காம..." என்று ஆரம்பித்தான்.

"ஆமா. தொறக்கல."

"இனிமே..."

"இனிமேன்னு இப்ப எதுவும் சொல்லாத. செருப்ப மாட்டி விடு. குனிய முடியல."

அவன் சரளையில் முட்டி போட்டு, அவள் இடுப்பிலிருந்த செருப்பை எடுத்து, தன் கோட்டால் அவள் காலைத் துடைத்து மாட்டி விட்டான். சுவரோரத்து ஆட்கள் பார்க்கிறார்கள் என்பது அவனுக்குத் தெரியும். மெதுவாகத்தான் மாட்டினான்.

படகுத்துறைக்கு இறங்கும்போது சுவரோரத்தில் ஒருவன், ஊர் வாய் என்று பேரெடுத்தவன், கூப்பிட்டான்: "ஏ கோல்மன்! வாழ்த்துப்பா. பிள்ளைய என்னன்னு கூப்பிடறது? கிரான்யா கோல்மன் ஜோவா?"

ஷிபேல் திரும்பவில்லை. கோல்மன் நின்றான்.

"இல்ல" என்றான். "கிரான்யா ஷிபேல் கிரான்யா."

"அட! அப்ப உன் பேரு எங்கப்பா போச்சு?"

"எம் பேரு ரோட்டுல கெடக்கு. நான் ஒடச்ச கல்லுதான நீ நடக்கறது? பாத்து நட."

நாலைந்து பேரும் சிரித்தார்கள். கேட்டவனும் சிரித்தான். பிறகு அவனே தொப்பியைத் தொட்டு, பழகிப் பார்க்கிற மாதிரி, "கிரான்யா ஷிபேல் கிரான்யா" என்று ஒரு தடவை சொன்னான். இழுக்காமல் சொன்னான்.

திரும்பும்போது காற்று பின்னால் இருந்தது. ஃபெஸ்டிக்குத் துடுப்பே தேவைப்படவில்லை. கோல்மன் முன்னால் உட்கார்ந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டான். ஷிபேல் படகின் அடியில் பாய்த்துணி மேல் கால் நீட்டிக் கிடந்தாள். உடம்பு இப்போதுதான் நடுங்க ஆரம்பித்தது. பிள்ளை நாப்லா மடியில். வடக்கே கல்வழி இருந்த இடத்தில் முழுக்கத் தண்ணீர். அங்கே வழி இருந்ததாகச் சத்தியம் பண்ணினாலும் யாரும் நம்ப மாட்டார்கள். நாப்லா அந்தப் பக்கத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு வந்தாள்.

முனையைத் தாண்டும்போது அலை ஒன்று தூக்கிப் போட்டது. சாரல் முகத்தில் அடித்துப் பிள்ளை அலறியது. கையைக் காலை உதைத்து, சால்வையைப் பிய்த்து, முகம் சிவந்து, விடாமல் அலறியது.

"அடங்குடி" என்றாள் நாப்லா, சால்வையை இழுத்து மூடிக்கொண்டே. "பாசி அறுக்கவா உன்னைக் கூப்பிட்டாங்க? என்ன வீம்பு, என்ன வீம்பு! வாய மூடு கிரான்யா."